நாற்பதாம் நாள் குளிப்பு

தம்பிக்கு மகள் பிறந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பிள்ளை பால் குடித்தது, தூங்கியது, முகம் பார்த்துச் சிரிக்கவும் தொடங்கிவிட்டது. நாற்பதாம் நாள் குளிப்பு நெருங்க நெருங்க நான்தான் நாள்காட்டியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடற்கரைத் தமிழ் ஊரிலிருந்து ரங்கூனுக்கு வியாபாரம் செய்ய வந்த முஸ்லிம் குடும்பம் எங்களுடையது. கடையை விட்டோம், தமிழில் பாதியை விட்டோம், இப்போது வீட்டுச் சண்டையைக் கூடப் பர்மிய மொழியில்தான் போடுகிறோம். இந்த ஒன்றை மட்டும் எங்கள் பெண்கள் விடவில்லை. பெண் பிள்ளைக்கு நாற்பதாம் நாள் குளிப்பாட்ட ஒரு அம்மாள் வருவார். கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளையின் அந்தரங்க உறுப்பில் பிளேடால் கீறுவார். சில வீடுகளில் கீறலோடு நிற்காது, வெட்டியே எடுத்துவிடுவார்கள். ஆண்களிடம் சொல்வதில்லை. அவர்களுக்கு அன்றைய பிரியாணி மட்டும்தான் தெரியும்.

எனக்கும் செய்தார்கள். என்ன போயிற்று என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கோபம் இன்றுவரை ஆறவில்லை.

தம்பி மனைவி ரங்கூனுக்கு வடக்கே இருக்கிற மாவ்பி ஊர்க்காரி. அவள் பிறந்த வீட்டில் இந்த வழக்கம் கிடையாது. துணி காயப்போடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மைனி, பிள்ளைக்குச் சுன்னத்துங்கிறாங்க மாமி. பொம்பளைப் பிள்ளைக்குமா? நீங்க வக்கீல் ஆபீஸ்லதானே இருக்கீங்க, இதத் தடுக்கச் சட்டம் இல்லையா?"

அங்கே நான் வெறும் டைப்பிஸ்ட். ஆனாலும் மறுநாள், மின்சாரம் போய் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில், எங்கள் வக்கீலம்மாவிடம் கேட்டேன். அவரை மரியாதையாக ஸயாமா என்போம். பர்மியப் பெண்மணி. "ஆண் பிள்ளைக்குத்தானே, அதிலென்ன?" என்றார். பெண் பிள்ளைக்கு என்று நான் விளக்கிச் சொன்னதும், விசிறிக்கொண்டிருந்த அட்டையைக் கீழே வைத்தார்.

"பேர் சொல்லி இதைத் தடுக்கிற சட்டம் நம்ம நாட்டில் இல்லை. காயப்படுத்தினால் குற்றம் என்று பழைய சட்டம் இருக்கிறது, பிள்ளைகளைக் காக்கிற சட்டமும் இருக்கிறது. ஆனால் யாராவது போய்ப் புகார் சொல்ல வேண்டும். நீ சொல்வாயா?"

யார் மேல் சொல்வது? என் உம்மா மேல். எங்கே போய்ச் சொல்வது? எங்களில் பலருக்குக் கிடைக்காத அடையாள அட்டையைக் கேட்டுவிடுவார்களோ என்று எங்கள் ஆட்கள் தெரு மாறி நடக்கிற போலீஸ் ஸ்டேஷனில். அன்று டைப் அடித்ததெல்லாம் தப்பும் தவறுமாக வந்தது.

நாற்பதாம் நாள் காலையில் அந்த அம்மாள் வந்துவிட்டார். உம்மா வெந்நீர் போட்டாள். தம்பி மனைவி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். தம்பி முன்கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான். எனக்குள் என்ன புகுந்ததோ, சாத்தப்போன கதவைப் பிடித்துத் திறந்து, உள்ளே என்ன செய்யப்போகிறார்கள் என்று அவனிடம் பச்சையாகச் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி இதை ஓர் ஆணிடம் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. "நெசமா உம்மா?"

"பொம்பளைங்க சமாச்சாரம், ஒனக்கெதுக்கு?" என்றாள் உம்மா. "இந்தா நிக்கிறாளே, இவளுக்கும்தான் செஞ்சோம். செத்தா போயிட்டா?"

"சாகல உம்மா. அதனாலதான் வாயைத் தொறந்து சொல்ல முடியுது."

அந்த அம்மாள் பக்கம் திரும்பினேன். "பிள்ளை மேல பிளேடு பட்டா ஜெயில்தான். புதுச் சட்டம் வந்திருச்சு."

ஸயாமா கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். பாதிக்கு மேல் பொய். சொன்னதற்கு எனக்குத் துளிகூட வெட்கமில்லை. இல்லாத சட்டத்தை நான்தான் இயற்ற வேண்டியிருந்தது. தம்பி உள்ளே வந்து மகளைக் கையில் வாங்கிக்கொண்டான். அவளை யாரிடமும் கொடுக்கவில்லை. உம்மா அடுப்படிக்குப் போய் அழுதாள். அவள் அழுதது எனக்கும் வலித்தது.

அந்த அம்மாள் அலட்டிக்கொள்ளாமல் பையை மூடினார்.

"இங்க வேணாம்னா விடுங்க. பின் தெருவுல நாளைக்கு ஒரு பிள்ளை இருக்கு. அங்க யாரும் சட்டம் பேச மாட்டாங்க."

"எந்த வீடு?" படியிறங்கிப் பின்னாலேயே ஓடினேன்.

"அது ஒனக்கெதுக்கு?" குடையை விரித்துக்கொண்டு மழையில் போய்விட்டார்.

மறுநாள் ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டு அந்தப் பின் தெருவில் மேலும் கீழுமாக நடந்தேன். இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள், மாடிக்கு மாடி வீடுகள். யார் கதவைத் தட்டி என்னவென்று கேட்பது? உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஏதோ ஒரு மாடியில் கைக்குழந்தை ஒன்று வீறிட்டது. எந்த மாடி என்று அண்ணாந்து தேடி முடிப்பதற்குள் அழுகை நின்றுவிட்டது.