துரையின் மடக்கு நாற்காலி

கல்யாண வீட்டில் யாராவது மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டு, "உக்காருங்க" என்றால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான் வரும். உபசரிக்கிறவர்கள் மேல் அல்ல, செத்துப்போன என் அப்பா மேல்.

மலாயாவில், கூலாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் நாற்காலியைச் சுமப்பதுதான் அப்பாவின் வேலை. மரச்சட்டம், நடுவில் கித்தான் துணி. துரை மரங்களைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது அப்பா அதைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடப்பார். துரை நின்றால், ஒரே உதறலில் விரித்து, துண்டால் துடைத்துவிட்டு, கைகட்டி ஒதுங்கி நிற்பார். வேலை முடிந்தால் அது கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கும். தொட்டால் அடி விழும். நீங்க ஒரு தடவையாவது இதில் உட்கார்ந்ததுண்டா என்று கேட்டதற்கும் எனக்கு அடிதான் விழுந்தது.

அந்த மழைக்காலத்தில் அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டு, கால்கள் வீங்கிவிட்டன. தோட்டத்து மருந்துக்காரர் கையை விரித்துவிட்டார். ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் பிழைக்கலாம் என்றார். லாரி பெரிய ரோட்டில்தான் நிற்கும், அதுவரை சேற்றுப் பாதை. அப்பா கனத்த உடம்புக்காரர். நாற்காலியில் கம்பு கட்டித் தூக்கிப் போகலாம் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். அம்மா உடனே அதை விரித்துப் போட்டாள்.

"அது துரை உக்கார்ற எடம்" என்று அப்பா மறுத்துவிட்டார். அம்மா கெஞ்சினாள், திட்டினாள், காலைப் பிடித்தாள். மனுஷன் அசையவில்லை. எங்கள் தோளைப் பற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். பாதி வழியில் கால் மடிந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த அண்ணன் ஓடி வந்து அதை விரித்தார். அப்பா அதன் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்தார். செத்த பிறகுதான் அவரை அதில் உட்கார வைக்க முடிந்தது. தோட்டமே அதை விசுவாசம் என்று மெச்சியது. எனக்கு வயிறு எரிந்தது.

கருமாதிகூட முடியவில்லை, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வந்துவிட்டார். துரை நாற்காலியைக் கேட்கிறாராம். அம்மா அதை வாசலில் விரித்து, தானே உட்கார்ந்துகொண்டாள். கிராணி போட்ட சத்தத்தில் லயமே கூடிவிட்டது. கடைசியில் துரையே வந்தார். அவரைக் கண்டால் நண்டு சிண்டெல்லாம் எழுந்து நிற்கும். அம்மா எழுந்திருக்கவில்லை.

"இதுல உக்காந்திருந்தா எம் புருசன் பொழச்சிருப்பாரு. நான் உக்காந்துட்டேன். என்ன செய்வீங்களோ செய்யுங்க."

மறுநாளே எங்களை லயத்தைவிட்டு வெளியேற்றினார்கள். சட்டி பானையோடு அதே பாதையில் போனபோது எதிரே துரை வந்தார். பின்னால் பக்கத்து வீட்டு அண்ணன், தோளில் நாற்காலி. துரை நின்றார். அண்ணன் எங்களை நிமிர்ந்தும் பார்க்காமல் அதை விரித்து, அம்மா உட்கார்ந்த இடத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார்.