படத்துக்கு வெளியே நின்றவள்

அந்த ஆல்பத்தின் தோலட்டை உப்புக்காற்றில் வெடித்திருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில், காரைக்காலில் நான் உதவியாளராக இருந்த நூலகத்துக்கு, பிரெஞ்சுக்காலத்து வீடொன்றைக் காலி செய்தவர்கள் பழைய புத்தகங்களோடு அதையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். முதல் பக்கத்தில் தொப்பி அணிந்த ஒரு கப்பல் கேப்டனின் படம். கீழே அவர் பெயரும் ஓர் ஆஸ்திரேலிய ஊரின் பெயரும். அடுத்த பக்கங்களில் அந்த ஊரின் தங்கச் சுரங்கங்கள், பிறகு எங்கள் கடற்கரை.

எங்கள் நூலகர் மேடம் சலிக்காமல் தேடினார். அதே படங்கள் ஆஸ்திரேலியாவில் ஓர் அருங்காட்சியகத்தில் கேப்டன் எடுத்தவையாகப் பதிவாகியிருந்தன. கேப்டனோடு பயணம் செய்த மனைவி மார்த்தாவுக்கும் கேமரா பழக்கம் உண்டு என்று ஒரு வரி மட்டும் அந்தப் பதிவில் கிடந்தது. மேடத்துக்கு அந்த வரி போதவில்லை. எடுத்தவர் மார்த்தாவாக இருக்கலாமே என்று எழுதிக் கேட்டார். ஆதாரம் இல்லை என்று இரண்டே வரியில் பதில் வந்தது. 

கடற்கரைப் படம் ஒன்றில் இருப்பது எந்த இடம் என்றாவது தெரியட்டும் என்று ஒரு காலையில் மேடமும் நானும் மீனவ ஊரான காரைக்கால்மேட்டுக்குப் போனோம். மீன் ஏலம் விடும் அக்கா ஒருவர் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார்.

"நம்ம கரைதான். யாருங்க புடிச்சது இத?"

"ஒரு கேப்டன்னு சொல்றாங்க," என்றார் மேடம்.

அக்கா மறுபடி பார்த்தார். "இருக்காதுங்க மேடம். கூடைக்காரிங்க எல்லாம் எதிர்ல பாத்துப் பல்லு தெரிய சிரிக்கிறாங்க. முன்பின் தெரியாத ஆம்பளையப் பாத்தா இப்படிச் சிரிப்பாங்களா? கீழ பாருங்க, மணல்ல நிழல் விழுந்திருக்கு. மூணு கால் பொட்டி, பக்கத்துல பாவாட மாதிரி அகலமா ஒண்ணு."

நாங்கள் குனிந்து பார்த்தோம். காலை வெயிலில், கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்ற ஒரு பெண்ணின் நிழல். அப்போதுதான் நான் படத்தின் ஓரத்தைக் கவனித்தேன். படகில் சாய்ந்து நின்றவர் ஆல்பத்தின் முதல் பக்கத்திலிருந்த அதே தொப்பிக்காரர்.

"மேடம், கேப்டன் படத்துக்குள்ளேயே நிக்கிறாருங்க," என்றேன். மேடம் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

படத்தைப் பெரிதாக்கி, அக்கா சொன்னதையும் எழுதி, அருங்காட்சியகத்துக்கு அனுப்பினோம். மூன்று மாதம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, தவறு எங்களுடையது, பதிவைத் திருத்திவிட்டோம் என்று கடிதமே வந்தது. எல்லாம் ஒரே கேமராவில் எடுத்தவை என்பதால், பல ஆண்டுகள் கணவன் பெயரில் இருந்த நாற்பது படங்களும் மார்த்தாவின் பெயருக்கு மாறின. சாட்சி சொன்னது யார் என்றும் கேட்டிருந்தார்கள். மேடம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டு, அமைதி காக்கச் சொல்லும் பலகைக்குக் கீழேயே, அதைச் சத்தமாகத் தமிழில் படித்தார். செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

மறுநாளே கடிதத்தோடு காரைக்கால்மேட்டுக்குப் போனோம். ஏலம் பாதியில் இருந்தது. நாங்கள் சொன்னதை அக்கா கேட்டுக்கொண்டார்.

"அந்தம்மா பேரு என்னன்னு சொன்னீங்க?"

"மார்த்தா."

அக்கா ஏலக்கூட்டத்தின் பக்கம் திரும்பி, வஞ்சிரத்துக்கு விலை கூவும் அதே குரலில் சொன்னார்: "நம்ம கரையப் படம் புடிச்சது மார்த்தாம்மாவாம். எல்லாரும் கேட்டுக்குங்க."