சுவரில் ஒட்டிய ரொட்டி

என் அக்கா வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டுகிறவர். பாதி ஆயுசை ஊரார் வீட்டுக் குளியலறைகளில் மண்டியிட்டே கழித்தவர். போன வருஷம் முட்டி இரண்டும் கைவிரித்துவிட்டன. இனி மண்டி போடவே கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து மாமா டிவி முன்னால் உட்கார்ந்தார். சோபாவில் பள்ளம் விழுகிற அளவுக்கு உட்கார்ந்தார். அக்காவால் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவளுக்கு வருத்தம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

மாமா கடைசியாக டைல்ஸ் ஒட்டிய வீட்டின் சொந்தக்காரர் வீடு மாற்றியபோது, தூக்க முடியாத ஒரு பீங்கான் கரியடுப்பை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். முட்டை வடிவம், இடுப்பு உயரம், கீல் போட்ட கனத்த மூடி, காற்று போக அடியில் ஒரு சின்னக் கதவு. அக்கா துணி காயப்போடும் இடத்தை அது அப்படியே பிடித்துக்கொண்டது. அதில் தான் ரொட்டி சுடப்போவதாக மாமா அறிவித்தார்.

ரொட்டிக் கல் என்று ஒன்று கடையில் விற்கிறது. இவர் வாங்குவாரா? வீட்டில் மிஞ்சிக் கிடந்த பளபளப்பான தரை டைல் ஒன்றைக் கரிக்கு மேல் வைத்தார். டைல்ஸ்காரர் புத்தி வேறெங்கே போகும்? அது பட்டென்று வெடித்து, ரொட்டி சாம்பலில் குளித்தது. பிறகு வழிக்கு வந்து ஒரு நல்ல கல் வாங்கினார். அதிலும் ஒரு நாள் வெந்தால் மறுநாள் கருகும்.

கடைசியில் அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை எங்க ஆளுங்க எல்லாரும் சாப்பிட வர்றாங்க. அன்னிக்கு ரொட்டி போட்டுக் காட்டுங்க. இல்லேன்னா அடுப்பை என் தம்பி எடுத்துட்டுப் போகட்டும்."

தம்பி என்றால் அடியேன்தான். பார்சல் வண்டி ஓட்டுகிறேன். அந்த அடுப்பைப் பார்த்த நாள் முதல் எனக்கு அதன்மேல் ஆசை. அது வந்த பிறகுதான் மாமா காலையில் முகச்சவரம் செய்கிறார், சோபாவை விட்டு எழுந்திருக்கிறார் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் காலி செய்துகொண்டுதான் போனேன். ஆசை யாரை விட்டது?

கரி நிதானமாகப் பிடித்துவந்தது. அடிக்கதவை விரல் அகலத்துக்குத் திறந்து வைத்துவிட்டு மாமா மாவு எடுக்க உள்ளே போனார். வாசலில் விருந்தாளிகள் வந்துவிட்ட பதற்றத்தில் அக்கா பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தாள். "இது எப்போ பிடிச்சு, எப்போ சுடுறது?" என்று கதவை முழுக்கத் திறந்துவிட்டுப் போய்விட்டாள்.

மாமா மாவோடு திரும்பி வந்து முதல் ரொட்டியைக் கல்லில் போட்டதும் குப்பென்று புகை. அடிப்பக்கம் கருப்பு, மேல்பக்கம் பச்சை மாவு. இரண்டாவதும் அப்படியே. பீங்கானுக்கு ஒரு தடவை சூடேறிவிட்டால் லேசில் இறங்காது. உள்ளே ஒரு கூட்டமே பசியோடு உட்கார்ந்திருந்தது.

என் பெரியப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "மாப்பிள்ளை ரொட்டி சுடுறாரா, கரி சுடுறாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்து, "நான்தாங்க கதவைத் திறந்து விட்டேன்" என்றாள்.

மாமா அவளைத் திட்டவில்லை. மூடியை முழுக்கத் திறந்து நிறுத்தி அதன் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாள்பட்ட கரிப்பிசுக்கெல்லாம் அந்தச் சூட்டில் எரிந்துபோய், பீங்கான் துடைத்துவிட்டது போல வெளுத்திருந்தது.

"மாப்ள, அந்தக் கல்லை இடுக்கியால எடுத்து வெளிய வை."

"கல்லு இல்லாம எதுல சுடுவீங்க?"

"சுவத்துல."

ஒரு ரொட்டியை விரித்து, முதுகில் தண்ணீர் தடவி, நிமிர்ந்து நின்ற மூடியின் உள்பக்கத்தில் அறைந்தார். மூடியை இறக்கினார். உள்ளே தொப்பென்று விழும் சத்தம் கேட்டது. அடுப்பு கிட்டத்தட்ட என் கைக்கு வந்துவிட்டது. ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எப்படியாவது ஒட்டித் தொலையேன் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

"ஓரத்துல தண்ணி படல. மூலை ஒட்டலேன்னா டைலும் இப்படித்தான் விழும்," என்றார் மாமா சாதாரணமாக.

அடுத்ததில் ஓரமெல்லாம் ஈரம் தடவினார். ஈரத்துணி சுற்றிய கையால் நடுவிலிருந்து ஓரம் வரை அழுத்தினார். மூடினார். நாங்கள் மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். சத்தமே இல்லை. திறந்தபோது ரொட்டி உப்பி, அங்கங்கே செந்நிறப் புள்ளி விழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அக்கா என் தோளை நறுக்கென்று கிள்ளினாள். எனக்கு வலிக்கவே இல்லை.

பிறகு ஒரு தடவைக்கு மூன்று மூன்றாக ஒட்டினார், நடுவில் விரல் அகலம் விட்டு. "இடுக்கு விடணும் மாப்ள" என்று எனக்கு விளக்கம் வேறு. கேலி செய்த பெரியப்பா ஜன்னலை விட்டு நகரவில்லை, தட்டை மட்டும் நீட்டிக்கொண்டே இருந்தார். மாமாவின் சட்டை தெப்பலாக நனைந்துவிட்டது. நாற்காலி கொண்டுவந்து போட்டேன்.

"வேணாம். இது நின்னு செய்யிற வேலை. முட்டி ஒண்ணும் சொல்லல."

எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அக்கா தட்டோடு வந்தாள். "எனக்கு ஒண்ணு போடுங்க." மாமா போட்டுக் கொடுத்தார். அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் தின்று முடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அடுப்பு மேல இருந்து கண்ணை எடுத்துடு. அது அவர் வேலை செய்யிற இடம்."