ஒட்டின வீடா, பக்கத்து வீடா?

சொல்ல வெட்கமாக இருக்கிறது. படிப்பகக் கரும்பலகையில் தினமும் ஊர்க்கதை எழுதும் நான், மத்தியானச் சோற்றைச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன். மனைவி காலமானதிலிருந்து இப்படித்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் முனிரத்தினத்தின் தறி. அதன் அதிர்வு முதுகில் தட்டினால், கூட ஓர் ஆள் உட்கார்ந்து சாப்பிடுவது போலிருக்கும்.

இன்று எங்கள் தெருவைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காக ஒருவர் வந்தார். எந்த வீடு எதை ஒட்டியிருக்கிறது, எது எதற்கு எதிரே என்று கேட்டுக் கேட்டு எழுதினார். என் வீட்டுக்கு எதிரே மாவு மில் என்று குறித்துக்கொண்டார்.

"பொதுச் சுவருங்க. ஒட்டின வீடு" என்றேன் பெருமையாக.

அவர் ஏணி போட்டுக் கூரையோரம் எட்டிப் பார்த்தார். "ரெண்டு சுவருங்க. நடுவுல கை நுழையற சந்து இருக்கு. ஒட்டலை, பக்கத்துல."

"ஒட்டினதாவே போட்டுடுங்களேன். யாருக்கு நஷ்டம்?"

"கம்ப்யூட்டருக்குக் கண்ணு கிடையாதுங்க. நாம சொல்றதை அப்படியே நம்பிடும்."

சத்தம் கேட்டு முனிரத்தினம் வெளியே வந்தார். "இன்னாண்ணே, அவரோட மல்லுக்கட்டிகினு கீறீங்க?"

சொன்னேன். தறி, முதுகு, சோறு எல்லாவற்றையும்.

அவர் சிரிக்கவில்லை. "தறியப் பொங்கலுக்கே பின்கட்டுக்கு மாத்திட்டேனேண்ணே."

ஒட்டின வீடு உள்ள பாக்கியசாலிகள் கீழே எழுதலாம். சாக்பீஸ் பலகையடியில் இருக்கிறது.

இத்தனை மாதமாய் என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது எதிர்வரிசை மாவு மில்.