உன் கயிறு, என் கயிறு

சிரிப்புப் படம் என்று யாராவது சொன்னாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பிரெஞ்சுக்காரன் போன மறுவருஷம் புதுச்சேரிக்கு அப்படி ஒரு படம் வந்தது. மலையில் ஒரு பங்களா, வசதியான கிழவர்கள் ஓய்வெடுக்கும் இடம். ஜென்ம விரோதிகளான இரண்டு பேர் ஒரே சாய்வு நாற்காலிக்காக அடித்துக்கொள்வார்கள். பல்செட் சாம்பாரில் விழும், வேட்டி அவிழும். கிழவனுக்குக் கோபம் வந்தால் தமாஷ். அவ்வளவுதான் கதை.

எங்களோடு இருந்த அப்பாவுக்கும் ஒரு விரோதி உண்டு. இருவரும் சைகோனில் ஒரே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பிய சொல்தாக்கள். சாயங்காலமானால் வைத்திக்குப்பம் பக்கத்து மணல் திடலில் பெத்தாங் என்கிற குண்டெறி ஆட்டம் ஆடுவார்கள். சின்ன மரக்குண்டுக்கு யாருடைய இரும்புக்குண்டு கிட்டே நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. அளக்க ஆளுக்கொரு கயிறு இடுப்பில் இருக்கும். ஒருவர் கயிற்றை மற்றவர் நம்பமாட்டார்.

"இழுத்துப் புடிடா, தளத்துறியே!" என்பார் அப்பா.

"உங் கயிறு ரப்பராட்டம் நீளுது, எனக்குத் தெரியாதா?" என்பார் அவர்.

அம்மா போனபின் முடங்கிக் கிடந்த அப்பாவை எழுப்பி வெளியே இழுத்தது அந்தச் சண்டைதான். அது நின்றால் அப்பா படுத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர்தான் இருவரையும் அந்தப் படத்துக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். நாற்காலிச் சண்டை வந்ததும் முன்வரிசையில் ஒருவன் திரும்பிப் பார்த்து, "டேய், நம்ம கயித்துக் கெழவனுங்கடா!" என்று கத்தினான். கொட்டகையே சிரித்தது. என் வீட்டுக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் திடலில் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். வேறு வேலை இல்லாத ஜென்மங்கள். அப்பாவின் விரோதி குனிந்து பார்த்துவிட்டு, "உன்னுதுதாம்பா கிட்ட," என்றார். கயிற்றைத் தொடவே இல்லை. அப்பாவும், "இல்லப்பா, உன்னுதுன்னே வச்சிக்க," என்றார். என்ன மரியாதை! சில நாளில் இருவருமே போவதை நிறுத்திவிட்டார்கள்.

"ஊரு சிரிச்சா நமக்கென்னப்பா? போய்ச் சண்ட போடுங்க!" என்று கத்தினேன்.

"வயசாச்சில்ல, உடும்மா," என்று அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அந்த மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை.

அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது அந்த விரோதி வந்தார். ஆணியில் தொங்கிய அப்பாவின் கயிற்றை எடுத்து, அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எழுந்திருடா! உங் கயித்தாலியே அளக்கலாம், வாடா!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரும்பினேன். என் வீட்டுக்காரர்.

"எழுந்து வெளிய போய்யா," என்றேன், அத்தனை பேர் முன்னாலும். போனார்.

'படத்துல வந்த மாதிரியே இருந்துது, அதான்' என்று பிறகு சமாதானம் சொன்னார். அதைத்தான் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.