இரண்டு கரண்டி குளிர்

கப்பலில் பக்கத்துப் படுக்கைக்காரர் கைக்குட்டையில் நீலகிரித் தைலம் தெளித்து மூக்கில் வைத்தால் நான் எழுந்து மேல்தளத்துக்குப் போய்விடுவேன். கடல் என்னை ஒன்றும் செய்ததில்லை. டீசல் புகை, உப்புக் காற்று, அடுத்தவர் வாந்தி, எது வேண்டுமானாலும் இருக்கட்டும். அந்த வாசனை மட்டும் வேண்டாம்.

கட்சால் தீவில், தோட்டத்து லய வரிசையில் இருந்த எங்கள் வீட்டில் அது ஒரு சின்னப் போத்தலில், சாமிப் படத்துக்குப் பின்னால் நின்றிருந்தது. இலங்கையில் அட்டன் பக்கத்து மலைத் தோட்டத்தை விட்டு அனுப்பியபோது எங்கள் குடும்பம் இரண்டாய்ப் பிரிந்தது. பெரியப்பா நீலகிரித் தேயிலைக்கு, அப்பா இந்தத் தீவின் ரப்பருக்கு. குளிர் பெரியப்பாவோடு போய்விட்டது. வருஷத்துக்கு ஒரு தரம், மெயின்லேண்ட் போய்வரும் யார் கையிலாவது அவர் தைலம் கொடுத்தனுப்புவார். இலை காய்ச்சும் கொட்டகையிலேயே வாங்கியது, எதுவும் கலக்காதது. தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். திறந்தால் கண் எரியும்.

ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்து அப்பா அதைத் திறப்பார். கண்ணை மூடி ஒரே இழுப்பு. "அட்டனுக்குப் போய்ட்டு வந்தாச்சு" என்பார்.

அப்பாவின் தங்கை, எங்களோடு இருந்த அத்தை, விடமாட்டாள். "டிக்கெட் இல்லாம போறாரு பாரு ஒங்கப்பா. ஒரு நாளைக்கு அங்கயே புடிச்சு வச்சுக்கப் போறாங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அந்த ஒரு நொடி அப்பாவின் முகத்தில் அப்பா இருக்கமாட்டார். நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

தீவில் பிறந்தவள் நான். குளிர் எனக்குப் பேச்சில் மட்டும் வரும் ஒரு சொந்தக்காரர். சளி பிடித்தால்தான் அதன் வால் கொஞ்சம் தட்டுப்படும். மார்பில் தைலம் தேய்ப்பார்கள், வெந்நீரில் விட்டு ஆவி பிடிக்க வைப்பார்கள், கடைசியில் ஒரு கிள்ளுச் சீனியில் இரண்டு சொட்டு விட்டு விழுங்கச் சொல்வார்கள். மலையில் அப்படித்தானாம். இங்கும் அப்படியே. விழுங்கியதும் தொண்டைக்குள் ஒரு குளிர் இறங்கும், இறங்கும், நெஞ்சுக்குக் கீழே எங்கோ காணாமல் போகும். முகர்ந்தாலே அப்பா போய்வருகிறார், விழுங்கியும் நாங்கள் பாதி வழியில் திரும்புகிறோம் என்றால், சொட்டு போதவில்லை என்று நான் முடிவு கட்டினேன்.

எனக்கு எட்டு வயது, தம்பிக்கு மூன்று. அவனுக்கு நெஞ்சுச் சளி. அப்பாவும் அம்மாவும் விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டப் போய்விட்டார்கள். அத்தை அவனுக்குத் தேய்த்துவிட்டு, சீனியும் ஊட்டிவிட்டு, துணி மூட்டையோடு ஓடைக்குக் கிளம்பினாள். "தம்பியப் பாத்துக்க. போத்தலத் தொட்டே, கைய ஒடிச்சுருவேன்."

அட்டனுக்கு நான் போகாமல் அவனை அனுப்பியதற்குக் காரணம் உண்டு. நான் போய்விட்டால் அவனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை.

தேக்கரண்டியில் கொஞ்சம் சீனி, அது முங்கும்வரை தைலம். வாயில் வைத்ததும் முகம் கோணி, இருமி, கண்ணில் நீர் வழிய, "காரம்" என்றான்.

"அப்பா ஊருக்குப் போறடா. முழுங்கு."

என்னை நம்பி விழுங்கினான். இரண்டாவது கரண்டியில் பாதியைத் துப்பினான். கொஞ்ச நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். எழுந்து கள் குடித்தவன்போல் இரண்டடி வைத்தான். பாயில் சரிந்தான். அழுகை பாட்டுப்பெட்டியை அணைத்த மாதிரி நின்றது.

கிளம்பிவிட்டான் என்று எனக்குப் புல்லரித்தது.

இமை முழுக்க மூடவில்லை, கீழே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. கூப்பிட்டேன், வரவில்லை. கையைத் தூக்கி விட்டேன், விழுந்தது. மூச்சு மட்டும் நிதானமாக, ரொம்ப நிதானமாக, யாரோ யோசித்து யோசித்து விடுவதுபோல் வந்தது. அதில் அவன் வாசனை இல்லை. போத்தலின் வாசனைதான் இருந்தது. வாசலில் ஒரு கோழி தலையை நீட்டிப் பார்த்துவிட்டு அப்படியே பின்வாங்கியது. வெளியே ரப்பர் மரங்கள் வரிசை கலையாமல் நின்றன. காற்றே இல்லை.

அங்கே குளிருமே என்று நினைவு வந்தது. டிரங்குப் பெட்டியில் மலையிலிருந்து கொண்டுவந்த அப்பாவின் கம்பளி இருந்தது. எடுத்துக் கழுத்துவரை போர்த்தினேன். காதருகே குனிந்து, "போய்ச் சேந்துட்டியா?" என்று கேட்டேன்.

அடுத்த வீட்டு அக்கா தண்ணீர்க் குடத்தோடு போகிறபோது எட்டிப் பார்த்தாள். "சின்னவன் தூங்குறானா?"

"ஆமாக்கா."

சொன்னால் எழுப்பிவிடுவாள், பாதி வழியில் திரும்பிவிடுவான்.

அப்பாதான் முதலில் வந்தார். கைகளில் காய்ந்த ரப்பர் பால். "என்னடி இது, இந்தப் புழுக்கத்துல கம்பளி?" என்று சிரித்துக்கொண்டே அவனைத் தூக்கினார். தலை அவர் தோளில் நிற்காமல் பின்னால் தொங்கியது. வாயருகே குனிந்தவர், முதல் தடவையாக, அந்த வாசனையிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

ஆஸ்பத்திரி வரை ஓடினார். அம்மா வழியில் வந்து சேர்ந்தாள், எனக்கு அவர்கள் முதுகுகள்தான் ஞாபகம். மேசையில் கிடத்தியதும் அம்மா அவன் வாய்க்குள் விரலை விட்டாள். மலையாளத்து சிஸ்டர் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "உல்டி மத் கராவ்! வாந்தி எடுக்க வைக்காதே, எண்ணெய் நுரையீரலுக்குப் போகும்!" அப்புறம் அப்பாவிடம், "கித்னா பியா? எவ்வளவு குடிச்சான்?"

"ரெண்டு சொட்டு, சிஸ்டர். ரெண்டே சொட்டு. எப்பவும் குடுக்கறதுதான்."

"சொட்டுக்கு இப்படி ஆகாது." சிஸ்டர் அறையைச் சுற்றிப் பார்த்தாள். கண் என்மேல் நின்றது. "பேட்டி, சச் போலோ. மகளே, நிஜம் சொல்லு."

அந்நேரம் தம்பியின் கால் மேசையில் தானாக அடிக்க ஆரம்பித்தது. கை, தோள், தாடை, எல்லாம். உள்ளேயிருந்து யாரோ அவனைப் பிடித்து உலுக்கினார்கள். அம்மாவின் குரல் குரலாகவே இல்லை.

இரண்டு விரலைக் காட்டினேன். "கரண்டி" என்றேன்.

யாரும் என்னை அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஊசி போட்டார்கள், மூக்கில் குழாய் வைத்தார்கள். ஓடையிலிருந்து ஓடி வந்த அத்தை சுவரோரம் உட்கார்ந்து, "நான்தானே போத்தலக் கீழ வச்சுட்டுப் போனேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா தன் உள்ளங்கையை முகர்ந்து பார்ப்பதும் வேட்டியில் துடைப்பதுமாக நின்றார்.

பொழுது சாயும் நேரம் அவன் கண் திறந்தான். அம்மா சிஸ்டரைக் கூப்பிட ஓடினாள். அந்த இடைவெளியில் நான் கட்டிலருகே போனேன்.

"அட்டன் பாத்தியா? எப்படிடா இருந்துச்சு?"

என்னை அடையாளம் தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"குளிரு" என்றான். பிறகு, "ஒரே இருட்டு அக்கா."

எனக்குப் பொறாமையாக இருந்தது. காலையில் அனுப்பியும் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது, அவ்வளவு தூரம் போலிருக்கிறது. அடுத்த தடவை இன்னும் வெள்ளென அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.