சவரியம்மா டீச்சர் கற்ற கன்னடம்

எங்கள் ஊரில் கார்டு உரியவர் கைக்குக் கடைசியாகத்தான் வரும். தபால்காரர் நாராயணப்பா வழியிலேயே படித்துவிடுவார். எதிரில் வருகிறவர்களுக்குச் சொல்லியும் விடுவார். போன புதன்கிழமை காலை நான் ஆஜர் எடுத்துக்கொண்டிருந்தேன். சைக்கிளைச் சாத்திவிட்டு அவர் உள்ளே வராமல் நின்றார். வாசலிலிருந்தே செய்தியைக் கத்துகிற மனிதர் அவர். ஆஜர்ப் புத்தகத்தை மூடிவிட்டு நானே எழுந்து போனேன்.

"என்ன நாராயணப்பா?"

"மத்தூர் கார்டு சார். நீங்களே படிச்சிடுங்க. என் வாயால சொல்லமாட்டேன்."

சவரியம்மா டீச்சரின் தம்பி எழுதியிருந்தார். டீச்சருக்கு ஐந்து நாள் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை பூசை மணி அடிக்கும்போது உயிர் போய்விட்டது. அன்று மாலையே அடக்கம் செய்தாயிற்று. ஓரத்தில் இடம் இல்லாமல் நெருக்கி, 'உங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் கடைசிவரை பேசினார்' என்று ஒரு வரி. அதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாகலூரைத் தாண்டி இருக்கும் எங்கள் ஆரம்பப் பள்ளியில் அவர் வேலை பார்த்தது இரண்டே வருஷம். அவரை அறிந்தவர்கள் இங்கும், அப்புறம் அவர் மாற்றலாகிப் போன மத்தூரிலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த டீச்சர் தைரியசாலி. எனக்குத் தெரிந்தவர் என்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் முந்தின நாளே காய்ச்சல் காணுகிற நான் இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

அவர் வந்த நாளிலேயே எனக்குக் கலக்கம் தொடங்கிவிட்டது. சின்ன வகுப்புக்கு ஓவியம் என்றால் கோடு, சதுரம், வட்டம், அப்புறம் ஒரு மாம்பழம். அதுதான் நடைமுறை. இந்த அம்மாள் கரிக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்ல ஆரம்பித்தார். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிப் பிழைத்த ஒருவர். பெயர் சொல்லமாட்டார், 'படுதாக்காரர்' என்பார், அவ்வளவுதான்.

"இதுக்கு பாடத்திட்டத்துல இடம் ஏதும்மா?" என்று கேட்டேன்.

"சார், கோடு போடறதுக்கு மின்னாடி, போட்டவரு யாருன்னு புள்ளைங்களுக்குத் தெரியணும். அவரும் நம்மள மாதிரி மூக்கு ஒழுகினவருதான்னு தெரிஞ்சா, கை தானா வரும்."

தினம் ஒரு சம்பவம் சொல்வார். அதைப் பிள்ளைகள் தரையிலும் சிலேட்டிலும் வரைய வேண்டும். ஒருமுறை படுதாக்காரர் காட்டுத் திரையில் ஒரு புலி எழுதினாராம். ராஜா வேஷக்காரன் அதற்கு முதுகைக் காட்டி நிற்க மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்தான். படுதாக்காரர் புலியை அழிக்கவில்லை. கண்ணை மட்டும் மூடிவிட்டார். அன்று நாடகத்தில் முன்வரிசைப் பிள்ளைகள், புலி எழுந்துவிடும் என்று பயந்து, இருமலைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். இந்தக் கதையைக் கேட்ட எங்கள் பிள்ளைகள் ஒரு வாரம் தூங்குகிற மிருகமாகவே போட்டுத் தள்ளினார்கள். ஒருத்தன் தூங்குகிற ஹெட்மாஸ்டரைப் போட்டான். மூக்கு என்னுடையதுதான், மறுக்க முடியவில்லை.

பாதிப் பிள்ளைகள் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். நான் இங்கே ஆறு வருஷம் இருந்தும், சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிற 'ஊட்டா ஆய்த்தா'வைத் தாண்டாதவன். டீச்சர் பதினைந்தே நாளில் கற்றுக்கொண்டுவிட்டார், அல்லது அப்படி நினைத்தார். அப்போது எல்லை பிரிக்கிற பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஊர் மைசூரோடு போகுமா மதராசோடு நிற்குமா என்று தெரியாமல் எல்லார் மனசிலும் ஒரு திகில். புது ஆள் எவர் வந்து பிள்ளைகளைப் பற்றிப் பேசினாலும் சந்தேகம். அந்தச் சந்தேகத்தைப் போக்க, தாய்மார்களைக் கூப்பிட்டு அவர்கள் பாஷையிலேயே பேசப்போவதாக டீச்சர் சொன்னார். எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது.

பேசினார். "நாளெ எல்லா மக்களிகூ பரெ ஹாக்தீனி" என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். நாளைக்கு எல்லாப் பிள்ளைகளையும் படம் போட வைக்கப் போகிறேன் என்பது அவர் எண்ணம். பெண்கள் பேசாமல் இருந்தார்கள். புரியவில்லை போலிருக்கிறது என்று, சத்தமாக இன்னொருமுறையும் சொன்னார். ஒன்றும் புரியாத நான் பக்கத்தில் நின்று, "நல்லாச் சொல்றாங்க, கேட்டுக்குங்க" என்று தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் பள்ளியில் ஈ காக்கை இல்லை. மணி அடித்துப் பார்த்தேன், யாரும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் லட்சுமக்கா தலைவிரி கோலமாக ஓடிவந்தார். பின்னால் கம்போடு நாலு ஆண்கள்.

"எங்கய்யா என் மவ? கெம்பிய எங்க வெச்சிருக்கீங்க?"

கெம்பி ஒன்றாம் வகுப்பு. விடிந்ததிலிருந்து காணவில்லை என்று அழுதார். டீச்சருக்கும் எனக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கம்புகளுக்கும் எங்களுக்கும் நடுவில் வந்து நின்றவர் நாராயணப்பாதான். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்; மூன்று பாஷையும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"அய்யோ டீச்சரம்மா, என்ன வார்த்த சொல்லிட்டீங்க! 'பரெ'ன்னா எழுதறது, வரையறது, சரிதான். நம்ம தமிழ்ல 'படம் போடு'ன்றோமே, அதப்போல 'ஹாக்கு' சேத்துட்டீங்களே! 'பரெ ஹாக்கு'ன்னா சூடு போடறதும்மா. கம்பியக் காய வெச்சி இழுக்கறது!"

டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கெம்பிக்குக் கைக்குழந்தையில் வலிப்பு வந்தபோது வயிற்றில் சூடு போட்டிருக்கிறார்கள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ராத்திரி அம்மாவும் அத்தையும் பேசிக்கொண்டதைக் கேட்டு, அந்தப் பிள்ளை விடிவதற்குள் எழுந்து ஓடிவிட்டது.

ஒருத்தன் கம்பை ஓங்கினான். டீச்சர் எழுந்து அவன் எதிரிலேயே போய் நின்றார். உதடு வெளுத்திருந்தது.

"மொதல்ல புள்ளையத் தேடலாம். அப்புறம் அடிங்க. நான் எங்கயும் ஓடமாட்டேன்."

ஊரே தேடியது. கிணறு கிணறாக எட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு கிணற்றின் விளிம்புக்கும் போகும்போது, நான் பார்க்காமல் வேறு யாராவது முதலில் பார்க்கட்டும் என்று பின்தங்கினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: குழந்தைக்காக எவ்வளவு பயந்தேனோ, அதே அளவு என் வேலைக்காகவும் பயந்தேன். டீச்சர் ஒவ்வொரு கிணற்றையும் முதல் ஆளாகப் போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார்.

கடைசியில் கெம்பி இருந்தது அவள் வீட்டு வாசலிலேயே. இங்கே ராகியை மண்ணுக்கடியில் ஆள் உயரக் குழி வெட்டிக் கொட்டி, வாயைக் கல்லால் மூடிவைப்பார்கள். வருஷக்கணக்கில் கெடாது. ஆனால் திறந்ததும் யாரும் இறங்கமாட்டார்கள்; உள்ளே விஷக்காற்று இருக்கும். முதலில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் ஆளும் அணைவான். லட்சுமக்கா வீட்டுக் குழியை முந்தின நாள்தான் காலி செய்து, காற்றாட விட்டு, மேலே ஒரு தட்டியைப் போட்டிருந்தார்கள். தட்டி விலகியிருந்ததை நாராயணப்பா பார்த்தார்.

"கெம்பீ!" என்று அம்மா அலறியதும் உள்ளேயிருந்து ஒரு விசும்பல் கேட்டது. உயிர் இருக்கிறது. யாரோ அவசரமாக விளக்கைக் கொண்டுவந்து கயிற்றில் இறக்கினார்கள். நெருப்பு இறங்குவதைப் பார்த்த குழந்தை போட்ட கூச்சல் இருக்கிறதே, நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"பரெ பேடா! பரெ பேடா!"

சூடு வேண்டாம் என்கிறது. சூடு போடத்தான் நெருப்பு வருகிறது என்று அது குழியின் பக்கச் சுவரோடு ஒண்டிக்கொண்டது. விளக்கை மேலே இழுத்துவிட்டோம். இனி உள்ளே காற்று எப்படி என்று பார்க்க வழியில்லை. ஒல்லியான ஒரு ஆள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டான். டீச்சர் அவன் தோளைத் தொட்டு, "இருப்பா. பயத்துல இன்னும் உள்ள போயிடும். ஒரே நிமிஷம் குடு" என்றார்.

குழி வாயில் குப்புறப் படுத்தார். அன்றைய ஓவியத்துக்கென்று நான் சட்டைப் பையில் போட்டுவைத்திருந்த கரிக்கட்டையை வாங்கி உள்ளே போட்டார். வலது கையைத் தோள்வரை இறக்கினார்.

"கெம்பி, நான் வரல. யாரும் வரல. நீனே நனகெ பரெ ஹாக்கு."

நீயே எனக்குச் சூடு போடு.

நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். நூறு தாண்டியது. கயிறு கட்டியவன் என்னைப் பார்த்தான், நான் டீச்சரைப் பார்த்தேன். திடீரென்று டீச்சரின் உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. கீழே, அவர் கையில், ஏதோ ஊர்ந்தது. குழந்தை கரியால் கோடு இழுத்தது.

"புடிங்க டீச்சர்! கையப் புடிச்சி இழுங்க!" என்று நான் காதருகில் போய்ச் சொன்னேன். அவர் பிடிக்கவில்லை. இன்னொரு கோடு. இன்னொன்று. எனக்கு அவரை அறையலாம் போல ஆத்திரம் வந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் அந்தப் பிள்ளை எந்தக் காற்றை மூச்சாக இழுக்கிறதோ, யார் கண்டது?

பிறகு டீச்சர் "தூக்குங்க" என்றார். குழந்தைதான் அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தது. நாங்கள் டீச்சரை இழுத்தோம். அவரோடு கெம்பியும் வந்தாள். தலையெல்லாம் ராகித் தவிடு. டீச்சரின் கை முழுக்கக் கரிக் கோடுகள். லட்சுமக்கா மகளை இரண்டு அடி அடித்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதார். கம்பு கொண்டுவந்தவன் டீச்சருக்கு மோர் கொண்டுவந்தான்.

அன்று மாலை நான் அவரோடு சண்டை போட்டேன். குழந்தை மயங்கியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள், கைக்கு எட்டியபோதே ஏன் பிடிக்கவில்லை என்று கத்தினேன். கையிலிருந்த கரியைக்கூடத் துடைக்காமல் அவர் சொன்னார்:

"எங்க வூட்டுக்காரருக்கு உசரம்னா பயம் சார். ஏணி மேல நின்னுதான் படுதாவுல மேகம் எழுதணும். நான் கீழ நிப்பேன். 'சவரி, ஏணியப் புடி, என் காலப் புடிக்காத. காலப் புடிச்சா வுழுந்துடுவேன்'னு சொல்லுவாரு. பயந்தவங்கள நாம புடிக்கக் கூடாது சார். அவங்க புடிக்கறதுக்கு நாம நிக்கணும்."

படுதாக்காரர் அவருடைய கணவர் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு நாடகக் கம்பெனி முகாமில் விஷ ஜுரத்தில் இறந்துபோனவர். பிள்ளைகளுக்குச் சொன்ன கதையில் டீச்சர் அவரை ஒருநாளும் சாகவிடவில்லை. 'அப்புறம்?' என்று அவர்கள் கேட்டால், 'இப்ப ஒரு பெரிய படுதா எழுதிக்கினு இருக்காரு' என்பார்.

இன்றுவரை எனக்குச் சந்தேகம் தீரவில்லை. அன்று அவர் செய்தது சரியா, அல்லது நல்லகாலம் காப்பாற்றியதா? உங்களில் சிலர் அதைத் துணிச்சல் என்கிறீர்கள். பக்கத்தில் இருந்தவன் நான். அவர் இதயம் தரையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு பிள்ளைகள் அந்தத் தவறான வார்த்தையையே பிடித்துக்கொண்டார்கள். ஓவிய நேரம் வந்தால், "டீச்சர், இன்னிக்கு பரெ ஹாக்கலியா?" என்று கரியும் கையுமாக நிற்பார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் அப்படித்தான் கேட்டார்கள். கெம்பி முதல் வரிசை. இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். டீச்சர் மாற்றலாகிப் போன பிறகும் மாதம் ஒரு படம் மத்தூருக்கு அனுப்புவாள். டீச்சரும் பதில் எழுதுவார்.

அவர் வரைந்த ஒரு படம்கூட என்னிடம் இல்லை. எல்லாம் தரையிலும் சிலேட்டிலும் வரைந்தவை, அன்றன்றே போய்விட்டன. என்னிடம் மிஞ்சியிருப்பது, குழிக்குள் தொங்கிய, யாரையும் பிடிக்காத அந்தக் கை.

கெம்பி மாமன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆனேக்கல் போயிருக்கிறாள். அவளுக்கு இன்னும் தெரியாது. நானே சொல்கிறேன் என்று லட்சுமக்காவிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். திங்கட்கிழமை இந்த மாதப் படத்தோடு வந்து, தபால்தலை கேட்டு என் முன்னால் நிற்பாள். அவளை இழுத்து அணைத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் நிற்க வேண்டும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பயமாக இருக்கிறது, டீச்சர்.